நல்லவர் என்று சொன்ன பிறகு

ஒருவர் மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி எட்டியதும் நம் வாயிலிருந்து முதலில் 'இன்னா லில்லாஹி' வருகிறது. அடுத்து வருவது பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "தங்கமான மனுசர்." மய்யித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு எடுக்கும் வரை திண்ணையிலும் தெருவிலும் அந்தப் பேச்சே நடக்கிறது. பெண்டாட்டியை மனம் நோக ஒரு சொல் சொல்லாதவர், பேரப் பிள்ளைகளைத் தோளைவிட்டு இறக்காதவர், பக்கத்து வீட்டில் அடுப்புப் புகையவில்லை என்றால் தமக்குச் சோறு இறங்காதவர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தொழுகை முடிந்து, கபரில் மூன்று பிடி மண் போட்டுத் திரும்பியதும் பேச்சு மழைக்கும் பருத்தி விலைக்கும் போய்விடுகிறது.

உலகம் நடக்க வேண்டுமே, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் ஒன்றைச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. 'நல்ல மனிதர்' என்று நாம் சொன்னோமே, அது என்ன? துக்க வீட்டுக்கென்று வைத்திருக்கும் வழக்கமான ஆறுதலா? அல்லது சாட்சியா? சாட்சிதான் என்றால், அதைச் சொன்னவர் மீது ஏதாவது பொறுப்பு விழுகிறதா?

பூமியிலுள்ள சாட்சிகள்

நபி (ஸல்) அவர்கள் முன்னிலையில் ஒரு ஜனாஸா கடந்து சென்றது. கூடியிருந்தவர்கள் அந்த மனிதரைப் புகழ்ந்தார்கள். 'உறுதியாகிவிட்டது' என்றார்கள் நபியவர்கள். மற்றொரு ஜனாஸா சென்றது. அதைப் பற்றி மக்கள் தீமையாகப் பேசினார்கள். அப்போதும் நபியவர்கள் அதையே சொன்னார்கள். எது உறுதியாயிற்று என்று உமர் (ரலி) அவர்கள் கேட்க, முன்னவருக்குச் சுவர்க்கமும் பின்னவருக்கு நரகமும் உறுதியாயின என்றும், நீங்கள் பூமியில் அல்லாஹ்வின் சாட்சிகள் என்றும் விளக்கம் கிடைத்தது. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நான்கு பேர் நல்லவரென்று சாட்சி சொன்னாலும், மூன்று பேர் சொன்னாலும், இரண்டு பேரே சொன்னாலும் பலனுண்டு என்று உமர் (ரலி) அவர்கள் வழியாக இன்னோர் அறிவிப்பும் வருகிறது.

ஆகவே திண்ணையில் சொல்லும் வார்த்தையை லேசாக எண்ணிவிடக் கூடாது. மகுடி இல்லாத பாம்பாட்டி போல் சும்மா கையசைக்கும் காரியமல்ல அது. ரப்பின் சந்நிதியில் பதிவாகும் வாக்குமூலம்.

வாக்குமூலம் கொடுக்கிறவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் இன்னொருவருக்காகச் சாட்சி சொல்ல வந்தபோது, அவர் உனக்கு அண்டை வீட்டுக்காரரா, அவரோடு பயணம் செய்திருக்கிறாயா, பணம் கொடுத்து வாங்கியிருக்கிறாயா என்று கேட்டார்களாம். எல்லாவற்றுக்கும் இல்லையென்று பதில் வரவே, பள்ளிவாசலில் அவர் தலை தாழ்வதையும் உயர்வதையும் மட்டும் பார்த்திருப்பாய், அவரை நீ அறியமாட்டாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மனிதனை அறிந்தவர்கள் யார் என்பது இதிலிருந்தே விளங்கும். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்தவரைவிடச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் அதிகம் அறிவார். கோபத்தில் அவர் குரல் எவ்வளவு உயரும் என்பது அவருக்குத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த மனைவி மக்களோ இன்னும் அதிகம் அறிவார்கள். தம் குடும்பத்தாரிடம் சிறந்தவரே உங்களில் சிறந்தவர் என்று அண்ணலார் கூறியதும், அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திய அளவைப் பார்த்து அவருக்குச் சொத்திலும் பங்கு வந்துவிடுமோ என்று எண்ணியதாகக் கூறியதும் நாம் அறிந்தவையே. வீட்டில் புலியாக இருந்துகொண்டு தெருவுக்குப் பசுவாக வருகிறவருக்குத் தெரு சாட்சி சொல்லும். வீடு மௌனமாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே சாட்சி சொல்லுமானால் அந்த மனிதர் பாக்கியவான்.

கோவில்பட்டியில் வாழ்ந்த ஒரு வக்கீல்

நம் கரிசல் சீமையில் எல்லோரும் அறிந்த ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் கப்பலோட்டியதும் செக்கிழுத்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியில் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் 8000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்துத் தோள் கொடுத்தார் என்பதும் நம் சமுதாயத்தார் பெருமையோடு சொல்லும் செய்தி. ஆனால் இங்கே நமக்கு வேண்டியவர் கப்பலோட்டிய தலைவரல்ல. குடும்பஸ்தராகவும் அண்டை அயலாராகவும் வாழ்ந்த மனிதர்.

கண்பார்வையற்ற ராமையா தேசிகர் என்ற ஞானியை, ஊரார் சாதியைச் சொல்லி முகம் சுளித்தபோதும், அவர் தம் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். அவருடைய முதல் மனைவி வள்ளியம்மை அன்போடு பரிமாறினார். கணவனின் தர்மம் மனைவியின் கை வழியாகத்தான் இலைக்கு வருகிறது என்பதை நம் வீடுகளிலும் பார்க்கிறோம்.

1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவரிடம் கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் குடும்பத்தோடு கஷ்டப்பட்டார். அவரை ஒருமுறைகூடப் பார்த்திராத தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்திருந்தார்கள். தொகை 347 ரூபாய் 12 அணா. பல அலுவல்களுக்கிடையே அது உரியவர் கைக்கு வராமலே கிடந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் நடந்து 1916இல்தான் வந்து சேர்ந்தது. எண்ணம் நல்லதாக இருந்தும், கொடுக்க வேண்டிய பொருள் நடுவழியில் தங்கிவிட்டால் ஒரு வீட்டில் எத்தனை வேளை அடுப்பு எரியாமல் போகும் என்பதை அமானிதம் சுமப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி அவருக்குச் சன்னது திரும்பக் கிடைக்க உதவினார். அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. தமக்குத் தண்டனை கொடுத்ததும் ஆங்கிலேய நீதிபதிதான். அந்தக் கசப்பு இந்த நன்றியை விழுங்கிவிட அவர் இடங்கொடுக்கவில்லை. 1920களில் கோவில்பட்டியில் வக்கீலாகத் தொழில் நடத்தி, 1932இல் தூத்துக்குடிக்குப் போய், 1936 நவம்பர் 18ஆம் நாள் காலமானார். இறப்பதற்கு முன் எழுதி வைத்த உயிலில் ஜவுளிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தரவேண்டிய சில்லறைப் பாக்கிகூட விடாமல் குறிக்கப்பட்டிருந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. சிலைகளும் உண்டு. அவையெல்லாம் இருக்கட்டும். எண்ணெய்க்கடைப் பாக்கியை மறக்காமல் எழுதிவைத்த அந்தக் கை, அவரைப் பற்றிச் சொல்லும் சாட்சி எல்லாவற்றையும்விடப் பெரிதாக எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் நம் நபியவர்கள் ஜனாஸா வந்தால் கேட்ட கேள்வியே அதுதான். ஒருவருக்கு மூன்று தீனார் கடனிருக்கிறது, அடைக்க எதையும் விட்டுச் செல்லவில்லை என்று தெரிந்ததும், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுவியுங்கள் என்று ஒதுங்கினார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் கடனை ஏற்றுக்கொண்ட பின்பே தொழ வைத்தார்கள். அங்கே புகழுரை எதுவும் தேவைப்படவில்லை. மூன்று தீனாரை ஏற்கும் ஓர் ஆள் தேவைப்பட்டார்.

மார்க்கம் வேறாயிருந்தால்?

வேறு மார்க்கத்தவரை உதாரணம் காட்டலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். தாயிபிலிருந்து திரும்பிய நபியவர்களுக்கு மக்காவில் அடைக்கலம் கொடுத்தவர் முத்இம் இப்னு அதீ. இஸ்லாத்தை ஏற்காமலே இறந்தார். பத்ரு யுத்தத்தில் பிடிபட்ட கைதிகளைப் பார்த்தபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அவருக்காக விட்டிருப்பேன் என்று நபியவர்கள் நினைவுகூர்ந்தார்கள். ஆண்டுகள் சென்றும் நன்றி மறையவில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே விசாரித்தார்கள்.

மறுமைத் தீர்ப்பு அல்லாஹ்வுக்குரியது. அதில் நாம் கைவைப்பதில்லை. உப்புக்கும் தண்ணீருக்கும் ஆபத்துக்கும் நின்ற அயலாருக்குச் செலுத்த வேண்டிய நன்றி நமக்குரியது. அதை மார்க்கம் தடுக்கவில்லை, தூண்டுகிறது. கரிசல்காட்டுக் கிராமங்களில் நம் வீடுகள் நாலைந்துதான் இருக்கும். சுற்றியிருக்கும் அண்ணாச்சிமாரும் அக்காமாரும் நம் மய்யித்துக்கு முன்னால் நின்று 'பாய் நல்லவர்' என்று சொல்லும் நிலையில் நாம் வாழ வேண்டுமென்றால், அவர்கள் வீட்டு இழவுக்கும் நம் கால் நடக்க வேண்டும்.

கதீஜா நாயகியின் தோழிகள்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சாட்சி சொன்னவர் மீது என்ன பொறுப்பு? நபியவர்களின் வீட்டிலேயே விடை இருக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் ஹிஜ்ரத்துக்கு முன்பே மறைந்துவிட்டார்கள். மதீனா வாழ்க்கையிலும் நபியவர்கள் அவர்களை அடிக்கடி நினைத்தார்கள். எப்படி நினைத்தார்கள்? ஆடு அறுத்தால் அதைப் பங்கு வைத்துக் கதீஜாவின் தோழிகளுக்கு அனுப்பினார்கள். தாம் பார்த்தேயிராத கதீஜா மீது தமக்கு வந்த ரோஷம் வேறு யார் மீதும் வந்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்களே சொல்லுமளவுக்கு அந்த நினைவு உயிரோடிருந்தது.

கவனியுங்கள். கதீஜா நாயகியின் அன்பு எந்தெந்த வாசல்களுக்குப் போய்க்கொண்டிருந்ததோ, அந்த வாசல்களுக்கே நபியவர்களின் கறிப்பங்கும் போயிற்று. இறந்தவரின் உறவை எடுத்து நடத்துவதுதான் அவரை நினைப்பது.

இப்னு உமர் (ரலி) அவர்களும் இதையே செய்தார்கள். மக்கா வழியில் எதிர்ப்பட்ட ஒரு கிராமத்து அரபிக்குத் தாம் ஏறிவந்த கழுதையையும் தலைப்பாகையையும் கொடுத்துவிட்டார்கள். கிராமத்தார் கொஞ்சம் கொடுத்தாலே மகிழ்வார்களே என்று கூட வந்தவர்கள் கேட்டபோது, இவருடைய தந்தை என் தந்தை உமரின் நண்பர் என்றார்கள். தந்தையின் அன்புக்குரியவர்களோடு உறவைப் பேணுவது நன்மைகளில் சிறந்தது என்று நபியவர்களிடம் கேட்டதையும் சொன்னார்கள்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வாப்பா இருந்தவரை வாரம் தவறாமல் வந்து போன பெரியவர் ஒருவர் இருப்பார். கையில் ஒன்றுமிருக்காது; ஒரு டம்ளர் டீயும் பழைய கதையும் போதும் அவருக்கு. வாப்பா போன பிறகு அவர் வாசலில் நிழலாடினால் பிள்ளைகள் முகம் கொடுப்பதில்லை. சுவரில் வாப்பாவின் படம் மட்டும் பெரிதாக மாட்டியிருக்கும். அந்தப் பெரியவரை உள்ளே அழைத்து உட்கார வைக்கும் பிள்ளைதான் வாப்பாவை நினைக்கிற பிள்ளை.

துக்க வீட்டு அடுப்பு

ஹிஜ்ரி 8இல் முஃதா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்ததும், ஜஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்களுக்குக் கைவேலை ஓடாத துன்பம் வந்திருக்கிறது என்று நபியவர்கள் பணித்தார்கள். அயலார் சமைத்துத் துக்க வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நாமோ பல ஊர்களில் தலைகீழாக ஆக்கி வைத்திருக்கிறோம். மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் என்று துக்க வீடே ஊருக்குப் பந்தி வைக்கிறது.

பாத்திஹா பற்றிய கருத்து வேறுபாடுகளுக்குள் நான் நுழையவில்லை. பந்திச் செலவு யாருடைய பணம் என்பதை மட்டும் கேட்கிறேன். மவுத்தானவர் சிறு பிள்ளைகளை விட்டுச் சென்றிருந்தால், அவர் சொத்தில் அந்தப் பிள்ளைகளின் பங்கு அந்த நிமிஷமே அவர்களுக்குரியதாகிவிட்டது. பிரித்துக் கொடுக்கு முன் அதிலிருந்து எடுத்து நெய்ச்சோறு ஆக்கினால், ஊரார் சாப்பிடுவது யாருடைய சோறு? அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறார்கள் என்று குர்ஆன் நான்காம் அத்தியாயம் எச்சரிக்கிறதே! பிள்ளைகளை உயிராய் வளர்த்த ஒருவரின் பெயரால் அந்தப் பிள்ளைகளின் பங்கையே கரைத்துவிட்டு, அதற்கு நினைவு என்று பெயர் வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

இன்னொன்று பற்று நோட்டு. மளிகைக்கடையோ ஜவுளிக்கடையோ வைத்திருந்தவர் என்றால் அவர் பெட்டியில் கடன் நோட்டு இருக்கும். மழை பொய்த்த வருஷம் வாங்கிய சம்சாரியின் பெயரும், தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போகும் விதவையின் பெயரும் அதில் இருக்கும். மனிதர் இருந்தவரை நெருக்கிக் கேட்டிருக்கமாட்டார். பிள்ளைகள் என்ன செய்வது? சட்டப்படி அது வாரிசுகளின் சொத்து. கஷ்டப்படுகிற கடனாளிக்குத் தவணை கொடுக்கவும், அவருக்கே தர்மமாக விட்டுவிடுவது மேலானது என்றும் இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. பருவமடைந்த வாரிசுகள் தத்தம் பங்கை மனமொப்பி விடலாம். சிறு பிள்ளைகளின் பங்கை விட யாருக்கும் அதிகாரமில்லை. அதற்குத் தவணை மட்டுமே கொடுக்கலாம். இப்படி உட்கார்ந்து நியாயமாகக் கணக்குப் பார்க்கும் ஒரு மாலைப்பொழுது, ஆயிரம் புகழ்மொழிகளைவிட அந்த வாப்பாவுக்குப் பெருமை சேர்க்கும்.

மறைத்துக் கொடுத்தவரைப் பற்றிப் பேசலாமா?

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாமல் கொடுத்தவர் இறந்துபோனால், அந்தத் தர்மத்தை வெளியே சொல்லலாமா என்பது நுட்பமான கேள்வி. ஹுஸைன் (ரலி) அவர்களின் புதல்வர் இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) இரவில் மாவு மூட்டையை முதுகில் சுமந்து ஏழை வீடுகளுக்குக் கொடுத்துவந்தார்கள். அவர்கள் மறைந்ததும் அந்த இரவு வரவு நின்றுபோன பின்புதான் கொடுத்தவர் யாரென்று மதீனாவுக்குத் தெரிந்தது. குளிப்பாட்டியவர்கள் முதுகில் மூட்டையின் தழும்பைக் கண்டதாக வரலாறு கூறுகிறது.

இதில் ஒரு வரம்பு தெரிகிறது. பெற்றுக்கொண்டவர் தாமாக முன்வந்து, 'எனக்கு இந்த மனிதர் உதவினார்' என்று சொன்னால் அது நன்றி. கொடுத்தவரின் வீட்டார், 'எங்கள் அத்தா இன்ன வீட்டுப் பெண்ணுக்குக் கலியாணம் முடித்து வைத்தார்' என்று பெயர் சொன்னால், அத்தா காப்பாற்றிய மானத்தை அத்தாவின் பிள்ளைகளே ஏலம் போடுகிறார்கள். மறைத்தவர் மறைத்தபடியே போகட்டும். அவர் கொடுத்து வந்த வீடு இன்று எப்படி இருக்கிறது என்று சந்தடியில்லாமல் விசாரிப்பது போதும்.

செல்வமில்லாதவர் என்ன செய்வது என்று கேட்கலாம். மாஊன் என்ற 107ஆம் அத்தியாயம் அற்பப் பொருளையும் கொடுக்காமல் தடுப்பவர்களைக் கண்டிக்கிறது. அந்தச் சொல்லுக்குக் கோடாலி, சட்டி, வாளி போன்ற புழங்கு சாமான்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) விளக்கம் சொன்னார்கள். கரிசல் பூமியில் பிறந்தவர்களுக்கு இந்த ஆயத்தின் கனம் நன்றாகத் தெரியும். கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய், உள்ள தண்ணீரும் சவர்த்துவிட்ட காலத்தில், ஒரு வாளியும் நீளக் கயிறும் இரவல் கொடுத்தவர் உயிரையே கொடுத்தவர்தான். அந்த வாளியைப் பெண்டாட்டி பிள்ளைகள் இன்றும் இரவல் கொடுத்துவந்தால் அவர் மறையவில்லை.

'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்கிறோம். கீழக்கரை வள்ளலைப் பற்றிய இந்தப் பழமொழியைக் கரிசல்காட்டு விவசாயி தம் நிலத்திலேயே காண்கிறார். ஐப்பசி கார்த்திகையில் குடித்த மழையைக் கரிசல் மண் அடியில் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே வெடித்துக் கிடந்தாலும், மழை நின்று மாதங்கள் சென்றும் அந்த ஈரத்தில் பருத்தி காய்க்கிறது. ஆனால் ஈரம் இருந்தால் போதாது. அதில் வேர்விட ஒரு செடியும் வேண்டும். மனிதன் இறந்ததும் அமல்கள் அறுந்துபோகின்றன, நிலையான தர்மமும் பயனுள்ள கல்வியும் துஆச் செய்யும் நல்ல பிள்ளையும் தவிர என்று நபியவர்கள் சொன்ன மூன்றிலும் உயிரோடிருக்கும் யாரோ ஒருவரின் கை வேண்டியிருக்கிறது.

எனவே சகோதரர்களே, சகோதரிகளே! அடுத்த ஜனாஸாவில் 'நல்ல மனிதர்' என்று சொல்லும்போது உண்மையறிந்து சொல்வோம். சொல்லிவிட்டு, அவர் கடன் என்னவாயிற்று, அவர் வீட்டில் இன்றிரவு யார் சமைத்துக் கொடுக்கிறார்கள், இத்தாவில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு நாளை கடைகண்ணிக்கு யார் போவார்கள், அவர் பார்த்துவந்த வீடுகளை இனி யார் பார்ப்பது என்று நான்கு பேர் கலந்து பேசுவோம். உயிரோடிருக்கும் நல்லவர்களிடமும் அந்த நல்ல வார்த்தையை ஒருமுறை அவர்கள் காதுபடச் சொல்லி வைப்போம்.

நம்மை விட்டுச் சென்ற நல்லோரின் பிழைகளைப் பொறுத்து, கபுரை விசாலமாக்கி, அவர்கள் விட்டுச் சென்ற நற்காரியங்களை எடுத்து நடத்தும் தவ்பீக்கை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! நாம் போகும் நாளில் வீடும் தெருவும் ஒரே சாட்சி சொல்லும்படி வாழச் செய்வானாக! ஆமீன்.